புதுக்கோட்டைச் சாசனங்களும் சர்வகலாசாலைகளின் கடமையும்

சாசன ஆராய்ச்சி ஒரு துறை, தமிழ்ப் பாஷைக் கல்வி வேறொரு துறை என்று பிரித்துவைத்துப் பார்ப்பது நமது கலாசாலைகளில் வேரூன்றிவிட்ட வழக்கம். முன்னதைச் சரித்திரப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். பின்னதைத் தமிழாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் வாசற்படியை மற்றவர் மிதிப்பதில்லை. இந்தப் பாகப் பிரிவினையால் அதிக நஷ்டமடைந்திருக்கும் ஜில்லா எது என்று கேட்டால், புதுக்கோட்டை என்றே நாம் விடை கூறுவோம். எழுத்துப் பொறித்த கற்கள் அங்கே இருப்பதுபோல் நெருக்கமாக இருக்கும் பிரதேசங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. அவற்றைத் தேடிக் கண்டு, படியெடுத்து, வாசித்து, காலங் கணித்த அறிஞர்களின் சாதனை பெரிது. ஆயினும் அந்தக் கற்களின் நிழலிலேயே குடியிருக்கும் ஜனங்களில் மிகப் பலருக்கு அவற்றில் எழுதியிருப்பது இன்னதென்று தெரியாது. தமிழில் எழுதியது தமிழருக்கு விளங்கவில்லை என்பது விசித்திரமான நிலைமையல்லவா?

புதுக்கோட்டை முன்னாளில் ஒரு சிறு சமஸ்தானமாக இருந்தது. அதன் பரப்பு சுமார் 1,180 சதுர மைல். 1929ஆம் ஆண்டில் சமஸ்தான தர்பார் தன் எல்லைக்குள் கிடைத்த சாசனங்களின் மூலபாடங்களை ராஜவம்ச வாரியாக அடுக்கிப் புஸ்தகமாக அச்சிட்டது. அதில் அடங்கியவை ஆயிரத்து நூறு அளவில் இருக்கும். ஏறத்தாழச் சதுர மைலுக்கு ஒரு சாசனம் என்று கணக்கு. அதற்கு முன்பே, 1910ல், அங்கே ஒரு பொருட்காட்சிசாலை ஏற்பட்டது. திருக்கோகர்ணத்தில் இன்றும் அது நடந்து வருகிறது. மகாராஜா கலாசாலையின் பிரின்ஸிபாலாக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916ல் சமஸ்தானத்தின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். சித்தன்னவாசல் குகைக்கோயிலைப் பற்றி அச்சில் முதலில் பிரஸ்தாபித்த நூல் அதுவே. அதன் பிறகுதான், 1920 அளவில், கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயும் அங்கே சென்று அந்தச் சித்திரங்களின் அருமையை உலகத்துக்குத் தெரிவித்தார்கள். கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தான விவர நூல் 1938 முதல் 1944 வரையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. கே. ஆர். சீனிவாச ஐயரின் சாசன மொழிபெயர்ப்புகள் 1941லும் 1946லும் பிரசுரமாயின. பெரிய மாகாணங்களிலேயே படியெடுத்த சாசனங்கள் பதிப்பாகாமல் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த காலத்தில், ஒரு சிறு தர்பாரும் ஒரு கலாசாலையும் இவ்வளவு காரியம் செய்தார்கள் என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

திருமயத்தில் 1887ல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி பயின்றதும் அந்தக் கலாசாலையில்தான். 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்களே படித்துவந்த அந்த இடத்தில் பிரவேசித்துப் படித்ததும் நாடறிந்த விஷயம். ஒரு பெண் குழந்தை உள்ளே வருவதற்கு அன்று எழுந்த ஆக்ஷேபங்களெல்லாம் இன்று எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது. நிற்க.

மேலே சொன்ன சரித்திரமும், விவர நூலும், மொழிபெயர்ப்பும் எந்த பாஷையில் எழுதப்பட்டன? இங்கிலீஷில். சாசனங்களின் மூலம் பெரும்பாலும் தமிழ். அதன் விளக்கமோ இங்கிலீஷ். அன்றைய காலத்து நிலைமையில் அது இயல்பாகவே இருந்தது. தர்பாரின் கடிதப் போக்குவரத்து இங்கிலீஷ். சர்வகலாசாலைப் பரீட்சை இங்கிலீஷ். சாசன இலாகாவின் அறிக்கைகளும் இங்கிலீஷ். அந்தப் பெரியோர்களை இதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது. ஆனால் 1948ல் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. 1974ல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. 1981ல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமே ஏற்பட்டது. அந்நிய ஆட்சி போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், புதுக்கோட்டைக் கல்வெட்டு ஒன்றின் பொருளை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள விரும்பும் கிராமத்துத் தமிழாசிரியர் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையே தேடிப் போகவேண்டியிருக்கிறது என்றால், அதற்குப் பழைய தர்பாரைப் பொறுப்பாக்க முடியாது.

சர்வகலாசாலைகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. செய்தது மிக அதிகம். 2006ல் தேனி ஜில்லாவில் புலிமான்கோம்பை நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தபோது, சங்கச் செய்யுட்களில் மட்டுமே படித்துவந்த நடுகல் வழக்கம் தமிழ்ப் பிராமி எழுத்துடன் கண்முன்னே நின்றது. அதே பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு புதுக்கோட்டைக்குக் கிழக்கேயுள்ள பொற்பனைக்கோட்டையிலும் அத்தகைய நடுகல் ஒன்றை அடையாளம் கண்டார்கள். பொற்பனைக்கோட்டை என்பது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மண்மேடும் அகழியும் கொண்ட பழங்கோட்டை. அங்கே 2021ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக அகழ்வாராய்ச்சி நடத்தியது. தபால் மூலம் பாடம் நடத்துவதற்கென்று ஏற்பட்ட ஸ்தாபனம் மண்வெட்டி பிடித்து இறங்கியதைக் கண்டு சிலர் ஆச்சரியப்பட்டார்கள்; நாம் சந்தோஷப்பட்டோம். 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறை அந்த வேலையை மேற்கொண்டது. தங்க அணிகலன் ஒன்றும், எலும்பினால் செய்த கருவியும், சூதுபவள மணியும் அங்கே கிடைத்தன. பத்திரிகைகளில் படங்கள் வந்தன. பார்த்தவர்கள் பரவசமடைந்தார்கள்.

பாஷைக் கல்விக்கு நேரே உதவும் வேலையும் நடக்காமலில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுத் துறையின் தலைவராக இருந்த எ. சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவுடன் சேர்ந்து சோழர் சாசனங்களில் வரும் பெயர்களுக்கு ஓர் அட்டவணை செய்தார். அது 1978ல் வெளியாயிற்று. பின்னர் 2002லும் 2003லும் அவருடைய தலைமையில் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி இரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. கல்வெட்டில் மட்டுமே வழங்கி, நிகண்டுகளிலும் காவியங்களிலும் காணக் கிடைக்காத சொற்களுக்கு அதில் பொருள் சொல்லியிருக்கிறது. தமிழ் படிப்பவர் கையில் திருக்குறள் உரை இருப்பதுபோல் இருக்கவேண்டிய நூல் அது. தமிழாசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் எத்தனை அலமாரிகளில் அது இருக்கிறது என்று பார்த்தால் நமக்கு உற்சாகம் குன்றிவிடும்.

சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்ளுவோம். மலையின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் குகையில் மழமழப்பான கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பக்கத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு சிறு வாசகம். எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். இந்த வகை வாசகங்கள் பாலியோ பிராகிருதமோ என்று பண்டிதர்கள் மயங்கிக்கொண்டிருந்தபோது, 1924ல் சென்னையில் கூடிய கீழ்நாட்டுக் கலை மகாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்று எடுத்துக் காட்டினார். அந்த வழியில் பல்லாண்டு உழைத்த ஐராவதம் மகாதேவன் 2003ல் தமது பெருநூலை வெளியிட்டார். அதை வெளியிட்டவர்கள் சென்னைக் க்ரியா பதிப்பகத்தாரும் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையாரும். அதுவும் இங்கிலீஷ் நூலே. ஹார்வர்டு வரையில் போய்ப் பெருமை பெற்ற அந்த வாசகத்தை, அதே மலையடிவாரத்து அன்னவாசலில் படிக்கும் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கமுடியுமா? வாசிக்கச் சொல்லிக்கொடுக்க யாரேனும் முன்வந்ததுண்டா? அதே மலையின் மேற்கே, கீழ்ப்பக்கத்தில், அறிவர் கோயில் இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவன் ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் காலத்தில் அதைப் புதுப்பித்த செய்தி அங்கே தமிழ்ச் செய்யுளாகவே வெட்டப்பட்டிருக்கிறது. சித்திரம் பார்க்கப் போகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். செய்யுளை நின்று படிப்பவர் அரிது.

இங்கேதான் நமது முக்கியமான கருத்தைச் சொல்லவேண்டும். கல்வெட்டுக்கு வேண்டியது உரை. மூலபாடம் 1929லேயே அச்சாகிவிட்டது, அகராதி வந்துவிட்டது, கால நிர்ணயம் பெரும்பாலும் நடந்துவிட்டது. பதவுரை, கருத்துரை, குறிப்பு, ஊர்ப்பெயர் விளக்கம் என்ற முறையில் தமிழில் எழுதிய உரைதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தை எட்டவில்லை. நமது முன்னோர்கள் எந்த நூலையும் மூலத்தை மட்டும் கொடுத்துப் படித்துக்கொள் என்று விட்டதில்லை. உரையில்லாத நூல் பாதி நூல் என்பதே தமிழ்க் கல்வியின் சம்பிரதாயம். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் கும்பகோணம் கலாசாலையில் ஆசிரியராக இருந்துகொண்டே 1887ல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடும், 1894ல் புறநானூற்றைப் பழைய உரையோடும் பதிப்பித்தார். அவற்றில் அவர் சேர்த்த குறிப்புகளும் அகராதிகளும் இல்லாதிருந்தால் இன்று நாம் சங்க இலக்கியத்தைப் பற்றிப் பெருமை பேச வகையிராது. ஏட்டுத் தமிழுக்கு நேர்ந்த அந்தப் பாக்கியம் கல்லிலுள்ள தமிழுக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்கிறோம். வேறொன்றும் கேட்கவில்லை.

உரை எழுதிப் படிப்பதற்கு அந்தக் கற்களில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் நிலதானமும்தானே என்று அவர்கள் நினைக்கிறார்கள். புதுக்கோட்டைச் சாசனங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது ஜீவநதி இல்லாத வறட்சிப் பூமி. மழைத் தண்ணீரைக் கண்மாய்களிலும் குளங்களிலும் தேக்கிவைத்துப் பிழைத்த பூமி. ஆகவே ஏரிக்குத் தூம்பு அமைத்தவன் பெயரும், மடை திறக்கும் முறையும், கரை உடைந்தால் அடைக்கவேண்டியவர் யார் என்பதும் அங்கே கல்லில் ஏறியிருக்கின்றன. குமிழி, மடை, கலிங்கு என்று அந்தக் கல்வெட்டுகளில் வரும் சொற்கள் இன்றும் அந்தப் பக்கத்துக் குடியானவர் நாவில் வழங்குகின்றன. எம்.ஏ. பட்டம் பெற்ற பட்டணத்துவாசிக்கு அகராதி பார்த்தாலும் விளங்காத சொல், கண்மாய்க் கரையில் மண்வெட்டியுடன் நிற்கும் கிழவருக்குக் கேட்டவுடனே விளங்கும். உரை எழுதப் புகும் பேராசிரியர் இந்தக் கிழவரிடம் போய் உட்காரவேண்டிவரும். அது சர்வகலாசாலைக்கு மிகவும் நல்லது.

இன்னும் சில பார்ப்போம். போரும் கலகமும் மிகுந்த பிற்காலத்தில் ஊரார் தங்களைக் காப்பாற்ற வல்ல அரையர்களிடம் பாடிகாவல் உரிமையை விற்றுக்கொடுத்த ஒப்பந்தங்கள் இருக்கின்றன. யார் விற்றது, யார் வாங்கினது, அறுவடையில் எவ்வளவு கொடுப்பது, காவல் தவறினால் என்ன செய்வது என்று கண்டிருக்கும் பத்திரங்கள் அவை. ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றி இன்று மேடையேறிப் பேசுகிறவர்கள் அவற்றைப் படித்தால், பழைய ஊர்ச்சபையின் பலமும் தெரியும், அது பலவீனப்பட்டுப் போன விதமும் தெரியும். நார்த்தாமலை ஒருகாலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயருடன் வியாபாரிகளின் நகரமாக இருந்தது. அதன் பெயரே நகரத்தார்மலை என்பதன் திரிபு. முனிசந்தையில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் சாசனம் இருக்கிறது. குடுமியான்மலையில் உமையாள்வி நாச்சி என்னும் தேவரடியார் தம் பொருளைக் கொண்டு அம்மன் சந்நிதி ஒன்றை ஏற்படுத்தியது கல்லில் பதிவாகியிருக்கிறது. ராஜாக்களைப் பற்றியே பாடம் படித்துச் சலித்துப்போன பிள்ளைகளுக்கு இவையெல்லாம் தங்கள் ஊர், தங்கள் கண்மாய், தங்கள் தெருவைப் பற்றிய பாடங்களாக இருக்கும்.

குடுமியான்மலை இசைச் சாசனத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 1904ல் கிருஷ்ண சாஸ்திரி கண்டெடுத்த அந்தச் சாசனம் சம்ஸ்கிருதத் தலைப்புகளுடன் கிரந்த எழுத்தில் அமைந்தது. ஏழு ராகங்களுக்கு ஏழு பகுதிகளாக ஸ்வரக் கோவைகளைக் கொடுத்துச் செல்கிறது. அதன் முடிவில் தமிழிலும் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. மகேந்திரவர்மன் செய்ததா, வேறு அரசனுடையதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. நமக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தோன்றுகிறது. பாஷைச் சண்டையில் ஈடுபட்டிருக்கும் இரு கட்சியாரும் அந்தப் பாறையின் முன்னே சிறிது நேரம் நிற்கவேண்டும். சம்ஸ்கிருதமும் தமிழும் ஒரே உளியால் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன, கல் உடைந்துபோகவில்லை.

சாசனம் வாசிப்பது பண்டிதருக்கே சாத்தியம் என்ற பயம் வீண். பிராமிக்கும் வட்டெழுத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பது மெய். ஆனால் பதினோராம் நூற்றாண்டுக்குப் பிற்பட்ட தமிழெழுத்து இன்றைய எழுத்துக்குத் தூரத்து உறவன்று, உடன்பிறப்பு. புள்ளியில்லாமல் மெய்யெழுத்தை வாசிக்கப் பழகவேண்டும். எகர ஏகாரத்தை இடம் பார்த்து நிர்ணயிக்கவேண்டும். சில கிரந்த எழுத்துக்களும், வேலி, மா, காணி, முந்திரி முதலியவற்றின் குறிகளும் தெரியவேண்டும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவன் ஒருகாலத்தில் தலைகீழாய் ஒப்பித்த வாய்பாடு இது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் உயர்நிலைப் பள்ளி மாணவர் சில வாரங்களில் வாசிக்கத் தொடங்கிவிடுவர்.

புதுக்கோட்டை ஜனங்களால் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அந்த ஜில்லாவே பதில் வைத்திருக்கிறது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. ஜில்லா கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் இரவில் விளக்கு வைத்து எழுத்துப் படித்தார்கள். கூடவே சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளேறிய அதிசயத்தை வெளிநாட்டாரும் வந்து பார்த்துப் போனார்கள். பகலெல்லாம் வெயிலில் கல்லுடைத்துவிட்டு வந்து அ, ஆ எழுதிய கைகளை அந்த ஜில்லா பெற்றிருக்கிறது. அந்தத் தாய்மாரின் மக்களும் பேரக் குழந்தைகளும் தங்கள் ஊர்க் கோயில் சுவரிலுள்ள தமிழைப் படிக்கத் தகுதியற்றவர்கள் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

இனி, சர்வகலாசாலைகள் இந்த வேலையை ஏன் மேற்கொள்வதில்லை என்று பார்க்கவேண்டும். பேராசிரியர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்லுவது சுலபம், அது உண்மையன்று. 2010ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் நியமனத்துக்கும் உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு முறை ஒன்றை ஏற்படுத்தியது. 2016 முதல் மத்திய சர்க்கார் உயர்கல்வி ஸ்தாபனங்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. அந்த வரிசையில் ஆராய்ச்சியை அளப்பதற்கு ஸ்கோப்பஸ் முதலிய வெளிநாட்டு அட்டவணைகளில் ஏறிய கட்டுரைகளும், அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய தடவைகளும் கணக்கிடப்படுகின்றன. ரசாயனத்துக்கும் வைத்தியத்துக்கும் இது பொருந்தக்கூடும். தமிழ்ச் சஞ்சிகைகளில் அந்த அட்டவணைகளில் ஏறியவை மிகச் சொற்பம். ஆகவே, பத்து வருஷம் உழைத்து நூறு சாசனங்களுக்கு உரை எழுதும் தமிழறிஞருக்கு அந்தக் கணக்கில் கிடைப்பது பூஜ்யத்துக்குப் பக்கம். சாமிநாதையர் இன்று உத்தியோகத்தில் இருந்தால் அவருக்கு உயர்வு கிடைப்பது சந்தேகமே. அளவுகோல் வேறிடத்தில் செய்யப்பட்டதாக இருந்தால் துணி என்றைக்கும் குறைவாகவே இருக்கும். தமிழ்நாட்டுச் சர்க்கார் தன் பொறுப்பிலுள்ள சர்வகலாசாலைகளிலாவது உரைநூல், பதிப்பு, அகராதி ஆகியவற்றைக் கட்டுரைக்குக் குறையாத ஆராய்ச்சியாக மதிக்கும்படி தனி விதி செய்யவேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். ஹார்வர்டும் டோக்கியோவும் தமிழ்ச் சாசனத்தை மதிக்கின்றன. நமது புள்ளிக் கணக்குத்தான் மதிக்கவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. அதைப் பலர் வெளியே சொல்லத் தயங்குவார்கள். சாசனங்களில் ஜாதிப் பெயர்களும் பட்டப் பெயர்களும் வருகின்றன. அரைகுறையாகப் படித்த ஒருவரியை வைத்துக்கொண்டு, இந்தக் கோயில் எங்களுடையது, இந்த அரசன் எங்கள் குலத்தவன் என்று சுவரொட்டி அடிக்கும் கூட்டம் எங்கும் பெருகிவருகிறது. இதற்குப் பயந்து அறிஞர்கள் இங்கிலீஷ் சஞ்சிகைக்குள் ஒதுங்கிக்கொள்வதில் பிரயோஜனமில்லை. ஒதுங்க ஒதுங்க, அரைகுறை வாசிப்பே ஊரில் அரசாளும். சாசனம் முழுவதையும் ஊரறிய வாசித்து, முன்வரி பின்வரியுடன் பொருள் சொன்னால், ஒரே கல்லில் பல ஜாதியாரும் பல தொழிலாரும் கையெழுத்திட்டு நிற்பது தெரியவரும். புதுக்கோட்டைப் பூமியில் ஜைனர் படுக்கையும், சைவக் கோயிலும், வைணவக் குகையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாதிக் கதை சொல்லித்தான் சண்டை மூட்ட முடியும்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். 2019ல் மாநிலத் தொல்லியல் துறை கீழடியைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூலைக் குறைந்த விலையில் வெளியிட்டது. புஸ்தகக் கண்காட்சிகளில் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். புதைபொருள் அறிக்கையை விலைகொடுத்து வாங்கும் சமூகம் உலகத்தில் அதிகமில்லை. அந்த ஆவல் உள்ள இடத்தில் உரைநூல் விற்காது என்று நாம் நம்பவில்லை. பொற்பனைக்கோட்டை அகழ்வின் விவரமும் அவ்வாறே பள்ளிக்கூட நூலகம் வாங்கக்கூடிய விலையில், தமிழில், படங்களுடன் வரவேண்டும். மைசூரில் இருந்த தமிழ்ச் சாசனங்களின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021 ஆகஸ்டில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், கொண்டுவரும் வேலை தொடங்கியதும் நல்ல செய்திகள். ஆனால் மைப்படி மைசூர் அலமாரியிலிருந்து சென்னை அலமாரிக்கு மாறுவதோடு காரியம் முடிந்துவிடாது. அலமாரியைத் திறப்பவர் வேண்டும்.

தனிமனிதர்கள் செய்துகாட்டியதைச் சர்வகலாசாலைகள் செய்ய முடியாதென்பது ஒப்புக்கொள்ளத் தக்கதன்று. புதுக்கோட்டையிலேயே ஞானாலயா என்ற ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் துணைவியார் டோரதியும், இருவரும் ஆசிரியத் தொழில் செய்து சம்பாதித்த பணத்தைச் செலவிட்டு, லட்சம் என்று சொல்லத்தக்க அளவில் புஸ்தகங்களையும் பழைய சஞ்சிகைகளையும் சேர்த்த இடம் அது. முதற்பதிப்புத் தேடி அங்கே வராத தமிழாராய்ச்சியாளர் குறைவு. இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது.

வேலையை எங்கே தொடங்குவது என்பதற்கும் நாம் ஒரு யோசனை கூறுகிறோம். ஆயிரத்து நூறையும் ஒரேயடியாக எடுக்கவேண்டாம். பழைய நாளில் திருநலக்குன்றம் என்று பெயர் பெற்றிருந்த குடுமியான்மலையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட சாசனங்கள் இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்திலிருந்து நாயக்கர் காலம் வரையில் எழுத்தும் நடையும் மாறிவந்த வரலாற்றை அந்த ஒரே கோயில் வளைவுக்குள் படித்துவிடலாம். தமிழ்ப் பல்கலைக்கழகத்துக் கல்வெட்டுத் துறையும், புதுக்கோட்டை மன்னர் கல்லூரித் தமிழ்த் துறையும், ஜில்லாவிலுள்ள பள்ளித் தமிழாசிரியர் சிலரும் ஒன்றுகூடி, இரண்டு வருஷத் தவணை வைத்து, அந்த நூறுக்கு உரையெழுதட்டும். முதற்படி அச்சாவதற்கு முன் விடுமுறை நாட்களில் கோயில் மண்டபத்திலேயே ஊராரைக் கூட்டி ஒவ்வொரு சாசனமாக வாசித்துக் காட்டட்டும். ஊர்ப் பெயர், வயற் பெயர், வாய்க்காற் பெயர்களில் உள்ள பிழைகளை அவர்களே திருத்திக் கொடுப்பார்கள். குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. ஏரியையும் தூம்பையும் பற்றிய கல்வெட்டுகளுக்கு வரும்போது அதன் ஆசிரியர்களையும் மாணவர்களையும் மண்டபத்துக்கு அழைத்துக்கொள்வதில் யாருக்கும் தடையிருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.